பூதவாதிக்கும் ஒரு பாடவேளை

(வெள்ளவத்தையில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம். நம் பாடசாலைகளின் சமய பாடத்தில், கடவுளை நம்பாதவர்களின் கருத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

சமய பாடத்துக்கு மணி அடித்ததும் நம் தமிழ்மொழிப் பாடசாலைகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சைவப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓர் அறைக்கும், ஏனைய கிறிஸ்தவப் பிள்ளைகள் இன்னோர் அறைக்கும், முஸ்லிம் பிள்ளைகள் வேறோர் அறைக்கும் போவார்கள். பாடவேளை முடிந்ததும் எல்லோரும் கணிதத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பக்கத்து அறையில் என்ன படித்தார்கள் என்று ஒரு பிள்ளையும் மற்றதைக் கேட்பதில்லை.

எந்த அறைக்கும் உரியதல்லாத ஒரு பிள்ளையும் அங்கே உண்டு. அதன் தாய் தகப்பன் சாமி கும்பிடாதவர்களாக இருக்கலாம். அல்லது வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டாலும், பதினைந்து வயதில் அந்தப் பிள்ளைக்கே சந்தேகம் எழுந்திருக்கலாம். க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றுள் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். ஆகவே அந்தப் பிள்ளை ஏதோ ஓர் அறையில் அமர்ந்து, தான் நம்பாததை நம்புவதாக விடைத்தாளில் எழுதுகிறது. பொய் பேசக்கூடாது என்று கற்பிக்கும் பாடத்திலேயே இது நடப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

நம் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அடுத்து வரும் 10ஆம் உறுப்புரையை யாரும் பேசுவதில்லை. சிந்தனைச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம், தான் விரும்பும் சமயத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்கும் சுதந்திரம் ஆகியவை ஒவ்வோர் ஆளுக்கும் உண்டு என்கிறது அது. சமயத்தோடு நம்பிக்கை என்பதையும் தனியே சேர்த்திருக்கிறார்கள். சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவைப் பாடத்திட்டம் மூடி வைத்திருக்கிறது.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் மணிமேகலையின் 27ஆம் காதையைப் படிக்க வேண்டும். வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர்களிடம், அதாவது பல சமய அறிஞர்களிடம், ஒருவர் பின் ஒருவராகப் போய், அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி பேசுகிறான், வைணவவாதி பேசுகிறான், ஆசீவகன் பேசுகிறான். நிலம், நீர் முதலிய பூதங்களைத் தவிர வேறில்லை என்னும் பூதவாதியும் பேசுகிறான். பூவையும் வெல்லக்கட்டியையும் இன்னும் சிலவற்றையும் கூட்டினால் எப்படிக் கள்ளின் வெறி பிறக்கிறதோ, அப்படியே பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் உணர்வும் போய்விடும், மறுபிறப்பு என்பது பொய் என்கிறான். முற்பிறப்பை அறிந்தவளாகிய மணிமேகலை அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். அவனோ விடுவதாயில்லை. தெய்வ மயக்கத்திலும் கனவிலும் மனம் தடுமாறுவது போன்றதுதான் நீ முற்பிறப்பை அறிந்ததும் என்று திருப்பிச் சொல்கிறான். கண்ணால் காண்பதே சான்று, அனுமானம் செல்லாது என்னும் அவனை, உன் தாய் தந்தையரையே நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று அவள் மடக்குகிறாள்.

அந்தக் காப்பியத்தை எழுதியவர் பௌத்தத்தை நிலைநாட்ட வந்த புலவர். அவருக்குப் பூதவாதி எதிரி. ஆனாலும் அந்த எதிரியை ஊமையாக்கி நிறுத்தாமல், அவன் கட்சியை அவன் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார். சைவர்களாகிய நமக்கு இன்னும் நெருங்கிய சான்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். பிற மதங்களை எடுத்துச் சொல்லி மறுக்கும் அதன் பரபக்கம் உலகாயதன் மதத்தில்தான் தொடங்குகிறது. கடவுளையும் மறுமையையும் மறுப்பவனுடைய வாதத்தை முதலில் ஒழுங்காக எடுத்துவைத்து, அதன் பிறகே அருணந்தி சிவாசாரியார் மறுக்கிறார். நம் சித்தாந்த ஆசிரியர் தம் மாணாக்கருக்குச் சொன்னதை நாம் நம் பிள்ளைகளுக்கு ஏன் மறைக்க வேண்டும்?

இந்தத் தீவிலேயே நடந்ததையும் பாருங்கள். 1932இல் ஐரோப்பியப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் பெரியார் இலங்கை வந்து பேசினார். கேரளத்தில் பிறந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, கடைசியில் கொழும்பிலேயே வாழ்ந்து 1978இல் மறைந்தார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தவர் அவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கல்லூரியில் ஓராண்டு அவரிடம் கிறிஸ்தவ வேத பாடத்தை ஒப்படைத்தார்களாம். பிள்ளைகள் நன்றாகச் சித்தியடைந்தார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு அந்தப் பாடம் அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது, பிள்ளைகள் சித்தியடைந்தார்கள், விசுவாசத்தைத்தான் இழந்துவிட்டார்கள் என்றாராம் அதிபர்.

அந்த அதிபரின் அச்சம் இந்த அவையிலும் பல பெற்றோருக்கு இருக்கிறது. அது நியாயமான அச்சம். நம் பிள்ளைகளின் நம்பிக்கையைக் கரைக்கும் பாடம் எதையும் நான் கேட்கவில்லை. அப்படியொரு பாடம் வந்தால் அதை எதிர்க்கும் முதல் வரிசையில் நானும் நிற்பேன். பிள்ளைகள் நாத்திகத்தை ஏற்கனவே கைத்தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அது பெரும்பாலும் ஏளனமாகவும் வசையாகவுமே வருகிறது. அதன் தெளிந்த வடிவத்தைப் பொறுப்புள்ள ஓர் ஆசிரியர் வகுப்பில் வைத்துச் சொல்லட்டும் என்கிறேன். அப்போதுதான் நம்பாத பிள்ளையும் அம்மம்மாவின் தேவாரத்தைப் பழிக்காமல் வளரும்.

வகுப்பில் எதைச் சொல்வது என்று கேட்கிறீர்கள். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இலங்கைக் கண்தான சங்கத்தின் பணியால் இந்த நாட்டின் பெயர் உலகெங்கும் போயிருக்கிறது. கண்ணைக் கொடுக்கும் பௌத்தர் அதைத் தானமாகக் கருதுகிறார், மறுபிறப்புக்குப் புண்ணியம் என்று நம்புகிறார். மறுபிறப்பே இல்லை என்ற கோவூரும் தம் கண்களைக் கொடுத்தார். செத்தபின் எனக்கு ஒன்றுமில்லை, இருப்பவருக்குப் பயன்படட்டும் என்பது அவர் வழி. பத்தாம் தரப் பிள்ளைகள் முன் இந்த இரண்டையும் வைத்து, இருவரையும் இந்தச் செயலுக்குக் கொண்டுவந்தது எது என்று கேளுங்கள். மரணம், அறம், நன்றி என எல்லாமே அந்தக் கேள்விக்குள் வந்துவிடும். சைவப் பிள்ளை தன் விடையைச் சொல்லட்டும், முஸ்லிம் பிள்ளை தன் விடையைச் சொல்லட்டும், எதையும் நம்பாத பிள்ளையும் பயமின்றிச் சொல்லட்டும்.

வேறு நாடுகள் இந்த வழியில் போயிருக்கின்றன. இங்கிலாந்தில் மூன்று பெற்றோர் தம் பிள்ளைகளோடு வழக்குத் தொடர்ந்தார்கள். சமயக் கல்விப் பாடத்தில் சமயம் சாராத உலகநோக்குகளுக்கு உரிய இடம் தராமல் அரசு சட்டப் பிழை செய்துவிட்டது என்று 2015இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேல்ஸ் 2021இல் சட்டமே இயற்றி, பாடத்தின் பெயரைச் சமயம், விழுமியம், ஒழுக்கம் என்று மாற்றி, சமயம் சாராத மெய்யியல் நிலைப்பாடுகளையும் அதில் சேர்த்தது. அந்த நாடுகளின் சூழல் வேறு, நம் சூழல் வேறு. நாம் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கே செய்யக்கூடியது இதுதான். ஐந்து சமய பாடங்கள் ஒவ்வொன்றிலும் பத்தாம் தரத்தில் ஒரே அலகைப் பொதுவாகச் சேர்க்கலாம். அந்த ஒரு தவணைக்காவது எல்லா அறைப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து படிக்கட்டும். கல்வியியற் கல்லூரிகளில் சமய ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சி வேண்டும், ஏனெனில் தான் ஏற்காத கருத்தை நேர்மையாக எடுத்துச் சொல்வது பழகிப் பெற வேண்டிய திறமை. பாடத்திட்டத்தை வகுப்பது மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். அதற்கு அனுப்ப ஒரு வரைவைக் கொண்டுவந்திருக்கிறேன். வாசற்பக்க மேசையில் வைத்திருக்கிறேன். வாசித்துப் பாருங்கள், ஏற்றுக்கொள்ள முடியாத வரிகளில் கோடிட்டு உங்கள் காரணத்தை ஓரத்தில் எழுதுங்கள். குறிப்பாகச் சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம் கற்பிக்கும் ஆசிரியர்களின் குறிப்புகள் இல்லாமல் அதை அனுப்புவதாக இல்லை.