லூக்கை எங்களுக்கும் பிடித்திருந்தது

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் அமெரிக்க நாவலை வாரம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லிவந்தேன். சாரா டேரர் லிட்மன் எழுதி 2011இல் வந்த 'வான்ட் டு கோ பிரைவேட்?'. 'தனியாகப் பேசலாமா?' என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைநாயகி ஆபிக்கு 14 வயது. புதுப் பள்ளிக்குள் கால் வைக்கவே பயம். அப்பாவுக்கு எந்நேரமும் வேலை. உயிர்த்தோழிக்கோ புதுக் கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஓர் அரட்டைத் தளத்தில் லூக் வருகிறான்.

வந்தவன் என்ன செய்கிறான்? காது கொடுத்துக் கேட்கிறான். பள்ளியில் பட்ட அவமானம், வீட்டுச் சண்டை எல்லாவற்றிலும் அவள் பக்கமே நிற்கிறான். அந்த இடத்தில் நான் கதையை நிறுத்தினேன். ஒரு மாணவி, "சார், லூக் எவ்ளோ நல்லவன்ல!" என்றாள். பக்கத்திலிருந்த பிள்ளைகளும் தலையாட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நாவலாசிரியர் தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறார். எடுத்த எடுப்பிலேயே அவனுக்குக் கோரைப்பல் வைத்திருந்தால் பிள்ளைகள் உஷாராகியிருப்பார்கள். நிஜத்தில் வருபவனுக்குக் கோரைப்பல் இருப்பதில்லையே! "முன்பின் தெரியாதவனோடு பேசாதே" என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். மாதக்கணக்கில் தினம் ராத்திரி பேசியவன் பிள்ளைக்கு எப்படி முன்பின் தெரியாதவன் ஆவான்?

பிறகு "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்ற பேச்சு வரும். அடுத்து ஒரு படம் கேட்பான். நேற்றுக் கேட்டதைவிட இன்று கேட்பது துளிதான் கூடுதலாக இருக்கும். மறுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிள்ளையே போய் மன்னிப்புக் கேட்கும். இப்படித்தான் பிடி இறுகுகிறது.

ஆபி அவனோடு போய்விடுகிறாள். அதன்பின் கதையைத் தங்கையும் தோழியும் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். அவளை மீட்டதோடும் நாவல் முடிவதில்லை. வீடு திரும்பிய பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது, அவள் தன்னையே எப்படிப் பார்க்கிறாள் என்று வெகுதூரம் போகிறது. "புத்தி எங்கே போச்சு?" என்று பிள்ளையைக் கேட்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நம் சட்டத்துக்கு இதில் குழப்பமே இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, பாலியல் நோக்கத்தோடு ஒரு பிள்ளையை இணையம் வழியே விடாமல் தொடர்புகொள்வதே குற்றம். நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. 18 வயது நிரம்பாத பிள்ளை 'சரி' என்று சொன்னதும் எடுபடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளே அழைக்கலாம்.

ஆனால் அந்த எண்ணை அழுத்துவதற்கு முன்னால் பிள்ளை யாரிடமாவது வாய் திறக்க வேண்டுமே. கதையை முடித்த அன்று, லூக்கை நல்லவன் என்ற அதே மாணவி எல்லோரும் போகும்வரை நின்றாள். பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள்: "சார், ஆபி மொதல்லயே வீட்ல சொல்லியிருந்தா போனைத்தானே பிடுங்கியிருப்பாங்க?"

என்னால் உடனே இல்லை என்று சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மைக்கை இப்போது உங்கள் பக்கம் தருகிறேன்.