தண்ணீர்க் குழாய் இல்லாத ஊரில் குளிர்காலத் தீ

வணக்கம் நேயர்களே.

ரொறன்ரோவை விட்டு வடக்கே போகும்போது, சாதாரண பிக்கப் வண்டி ஒன்று பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு பின்னால் வந்தால், அதை ஓட்டுகிறவர் தன்னார்வத் தீயணைப்பு வீரர். பேஜர் அலறியதும் கைவேலையைப் போட்டுவிட்டுப் புறப்பட்டவர். ஒன்ராறியோ சட்டப்படி அந்தப் பச்சை விளக்கு அவருக்குரியது; ஆனால் வழிவிடும்படி அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. வேக எல்லையும் சிவப்பு விளக்கும் அவருக்கும் உண்டு. தயவுசெய்து வலப்பக்கம் ஒதுங்கி அவரைப் போகவிடுங்கள்.

கனடாவின் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் இப்படிப்பட்டவர்கள்தான். விவசாயி, பள்ளிக்கூட பஸ் சாரதி, கடைக்காரர், தாதி. ஆண்டுக்கு 200 மணிநேரம் சேவை செய்தால் வருமான வரியில் 6,000 டொலருக்கான சலுகை கேட்கலாம். அதில் கைக்கு வருவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. யாரும் பணத்துக்காக இதற்கு வருவதில்லை.

முதலில் நேரக் கணக்கு. நாட்டுப்புறத் தன்னார்வப் படைகளுக்கென அமெரிக்கத் தேசியத் தீக்காப்புச் சங்கம் வகுத்த 1720 எனும் தரம், 14 நிமிடத்துக்குள் ஆறு பேர் வந்து சேர வேண்டும், பத்து அழைப்பில் எட்டிலாவது அது நடக்க வேண்டும் என்கிறது. இன்றைய சோபாவும் மெத்தையும் பஞ்சுநுரையும் பிளாஸ்ரிக்கும்தான். பரிசோதனைகளில் அப்படிப்பட்ட ஓர் அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுவதுமாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே தீ தொடங்கிய அறையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களையும், வீட்டின் மிச்சத்தையும், பக்கத்துக் கட்டடத்தையும் காப்பாற்றலாம். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். அந்த ஒரு பலகை நிறைய நேரம் வாங்கித் தரும்.

இனித் தண்ணீர். நகரத்தில் வீதியோரக் குழாயைத் திறந்தால் வரும். நாட்டுப்புறத்தில் வண்டி கொண்டுவந்ததுதான் தண்ணீர். முதல் வண்டியில் ஏறத்தாழ 4,000 லீற்றர் இருக்கும் என்று வையுங்கள். கையில் பிடிக்கும் குழாய் ஒன்று நிமிடத்துக்கு 500 லீற்றர் குடிக்கும். இரண்டு குழாய் ஓடினால் நான்கே நிமிடம்.

அதனால் வீட்டு வாசலில் மடிப்புத் தொட்டி ஒன்றை விரிக்கிறார்கள். உலோகச் சட்டம், அதில் தடித்த துணி, 10,000 லீற்றர் கொள்ளும். தண்ணீர் சுமக்கும் பவுசர் வண்டிகள் மாறிமாறி வந்து அதில் கொட்டிவிட்டுத் திரும்ப ஓடும். 7,000 லீற்றர் பவுசர் ஒன்று ஆறு கிலோமீற்றர் தள்ளிப் போய் நிரப்பி, வந்து கொட்டி, மறுபடி புறப்பட 20 நிமிடம் என்றால், அதன் பங்கு நிமிடத்துக்கு 350 லீற்றர். இரண்டு குழாய் ஓயாமல் ஓட மூன்று பவுசர் வேண்டும். ஒரு சிற்றூரிடம் மூன்று இராது. ஆகவே புகை தெரிகிறது என்ற சொல் கேட்டதுமே பக்கத்து ஊர்ப் படைகளையும் அழைத்துவிட வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திருக்கும் பத்து நிமிடம் பிறகு எதனாலும் ஈடாகாது.

பவுசர் எங்கே நிரப்புகிறது? குளத்தில், ஏரியில், ஆற்றில். விறைப்பான குழாயை இறக்கி, பம்பிலிருந்து காற்றை வெளியேற்றினால், வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். நடைமுறையில் ஆறு, ஏழு மீற்றர் உயரம்வரைதான் அது நடக்கும். சில ஊர்களில் குளத்துக்குள் நிலத்தடியாக நிரந்தரக் குழாய் பதித்திருப்பார்கள். அதற்குள் தண்ணீர் குளத்து மட்டத்திலேயே நிற்கும். உறையும் ஆழத்துக்குக் கீழே பதித்தால் தையிலும் உறையாது. ஆனால் பனி அகற்றும் வண்டி அதன் வாயை மூடிவிட்டால் இருட்டில் யார் தேடுவது? உயரமான கம்பத்தில் ஒளிரும் தகடு கட்டாயம் வேண்டும். அந்தக் குழாயும் இல்லையென்றால் செயின்ஸோவால் பனிக்கட்டியை வெட்டித் துளைபோட வேண்டும். வெட்டிய சிதறலை அள்ளி எறியாவிட்டால் அது குழாய் முனையிலுள்ள வடிகட்டியை அடைக்கும், பம்ப் வெறும் காற்றை இழுக்கும்.

பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் ஒரு விதிதான்: ஓடும் தண்ணீர் தாங்கும், நின்ற தண்ணீர் உறையும். குழாயின் முனையை முழுக்க மூடாமல் சற்றே திறந்து, ஆட்கள் நடக்காத பக்கம் பார்க்க வைக்க வேண்டும். பம்பை உலர்ந்தபடி கொண்டுபோக வேண்டும், அல்லது தாங்கிக்கும் பம்புக்குமிடையே தண்ணீரைச் சுழலவிட வேண்டும். பலர் தடுமாறும் இடம் அழுத்தமானி. அதற்குப் போகும் குழாய் மெல்லியது. முதலில் உறைவது அதுதான். முள் பூச்சியத்தில் நிற்கும், பம்போ ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். முள்ளை நம்பி வேகத்தைக் கூட்டினால், குழாய் பிடித்திருப்பவரைத் தூக்கி எறியும்.

சுவாசக் கருவியிலும் இதே தொல்லை. வெளிவிடும் மூச்சின் ஈரம் வால்வில் உறைந்தால் அது திறந்தபடி சிக்கி, சிலிண்டர் காற்று சீறி வெளியேறித் தீர்ந்துவிடும். வாசற்படிவரை போய்த்தான் முகமூடியில் காற்றை இணைக்க வேண்டும். நனைந்த கையுறையை மாற்ற ஆளுக்கு மேலதிகமாக இரண்டு சோடி. சூடேற்றிய பள்ளிக்கூட பஸ் ஒன்றை அருகில் நிறுத்திவைப்பது நல்ல வழக்கம். அமெரிக்காவில் கடமையில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் பெரும்பங்கை எடுப்பது மாரடைப்பு. குளிரும் பாரமும் இதயத்தைத்தான் பிழிகின்றன.

2014 ஜனவரி 23 அதிகாலை கியூபெக்கின் லில்-வேர்ட் கிராமத்தில் முதியோர் இல்லம் எரிந்து 32 பேர் இறந்தார்கள். கடுங்குளிர். இறைத்த தண்ணீரெல்லாம் இடிபாட்டின்மேல் தடித்த பனிக்கட்டியாகி, உடல்களை மீட்க நீராவி பாய்ச்சிக் கரைக்க வேண்டியிருந்தது. அந்த இல்லத்தில், சூடேறினால் தானாகவே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் பொருத்தியிருந்த புதிய பகுதி நின்றது, பழைய பகுதி போய்விட்டது. முதியோர் இல்லங்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. அத்தனை உயிர் போகுமுன்னரே வந்திருக்க வேண்டியது.

விறகு எரிக்கும் வீடுகளில் அடிக்கடி வருவது புகைபோக்கித் தீ. ஈர விறகை, காற்றை அடைத்து இரவு முழுக்கக் கனியவிட்டால், புகை குளிர்ந்து புகைபோக்கியின் உட்சுவரில் கறுப்புத் தாராகப் படியும். அது பற்றினால் 1,000 பாகையைத் தாண்டும். வருகிறவர்கள் அடுப்பின் காற்றை அடைத்து, எரியும் கட்டைகளை உலோக வாளியில் வெளியே எடுப்பார்கள். ஒருவர் மேலேறி, தீயணைக்கும் உலர் தூள் நிரப்பிய சிறு பிளாஸ்ரிக் பைகளைப் புகைபோக்கிக்குள் போடுவார். பை உருகித் தூள் பரவும். தண்ணீரைக் கொட்டினால் கொதிக்கும் களிமண் உட்குழாய் வெடிக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவியாகும். பிறகு வெப்பக் கமராவால் சுவரையும் கூரையடியையும் தட்டுத்தட்டாகப் பார்க்க வேண்டும். இதை அவசரமாக முடித்துவிட்டுப் போனால், விரிசல் வழியே சூடேறிய மரச்சட்டம் சில மணிநேரம் கழித்துப் பற்றும்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியவை உண்டு. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். அளக்கும் கருவி மலிவு. படிவு 3 மில்லிமீற்றர் ஆனதும் புகைபோக்கியைத் துப்புரவாக்க வேண்டும். சாம்பலைக் காகிதப் பையிலோ கராஜிலோ வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோக வாளியில், வீட்டுக்கு மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள். வீட்டுக்கு வரும் பாதையை நாலு மீற்றர் அகலத்துக்குப் பனி அகற்றுங்கள். கார் போகிற தடத்தில் 20 தொன் பவுசர் போகாது. வீதியோர வீட்டு இலக்கத்தையும் புறொப்பேன் தாங்கியின் வால்வையும் பனி மூடாமல் பாருங்கள். தீ கண்டால் நீங்களே அணைக்கப் பார்த்துத் தோற்ற பிறகு அழைக்காதீர்கள்; வெளியே வந்து 911, அப்புறம் உள்ளே போகாதீர்கள்.

நாட்டுப்புறத்தில் குடியிருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். எரியும் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் மட்டும் படையாகிவிட முடியாது. பவுசர் ஓட்ட, பம்ப் இயக்க ஆள் வேண்டும். வேலைநாளில் பகல் இரண்டு மணிக்கு ஊரில் இருக்கிற ஆள்தான் மிகவும் அரிது. ஒன்ராறியோவில் காற்று பிரேக் அனுமதியோடு பாரவூர்தி உரிமம் வைத்திருந்தால், உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் பயிற்சி நடக்கும் மாலை எது என்று கேட்டு, போய்ப் பாருங்கள்.