வீட்டு ஸ்டூடியோவில் செஷன் டிரம்மர்: மைக்குக்கு முன்னால் அறை

வணக்கம். "மற்றவர்கள் பாட்டுக்கு வீட்டிலேயே டிரம்ஸ் வாசித்து ரெக்கார்ட் செய்து அனுப்பப் போகிறேன், முதலில் எந்த மைக் வாங்கட்டும்?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். மைக் அப்புறம். கையிலிருக்கும் பணத்தை முதலில் அறைக்கும், டிரம்மில் அடிபடும் தோல்களான ஹெட்டுகளைப் புதிதாக வாங்கவும் செலவழியுங்கள்.

தாழ்வான கூரை இருந்தால் சிம்பல் எனும் உலோகத் தட்டுகளின் ஒலி அதில் பட்டுத் திரும்பி, டிரம்ஸுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்கில் நேர் ஒலியோடு மோதும். சில அதிர்வெண்கள் காணாமல் போகும். எவ்வளவு விலை கொடுத்த மைக்காலும் அவற்றை மீட்க முடியாது. மைக்குக்கு மேலே கூரையில் ஒலியை உறிஞ்சும் தடித்த ராக்வூல் பேனல் மாட்டுங்கள், மூலைகளில் பேஸ் ஒலியை உறிஞ்சும் பேஸ் ட்ராப் வையுங்கள். முட்டை அட்டை வேண்டாம், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கின் பேஸ் ஒலியை அது தொடவே தொடாது. இன்னொன்று, பேனல் மாட்டினால் பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தம் குறைந்துவிடாது. அது வேறு வேலை.

சரி, மைக். கிக்குக்கு ஒன்று, வாசிப்பவருக்கு முன்னால் இருக்கும் சிறிய டிரம்மான ஸ்னேருக்கு ஒன்று, ஓவர்ஹெட் இரண்டு, ஆரம்பத்துக்கு இது போதும். 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57 இன்றும் ஸ்னேரில் நிற்கிறது. ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் ஒரே தூரம் இருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 34 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலே ஒரு மில்லிநொடி தள்ளிப்போகும். ஸ்னேர் ஒரு பக்கமாகச் சாயும், இரு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவில் கேட்டால் மெலிந்துவிடும். ஸ்னேருக்கு அடியிலும் மைக் வைத்தால் அதன் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்கீழ் திசையை, திருப்பிப் போட்டுக் கேளுங்கள், எது கனமாக ஒலிக்கிறதோ அதுவே சரி.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம், மிக்ஸ் செய்கிறவர் உங்களைப் பார்க்கப் போவதில்லை. அவருக்கு நீங்கள் என்றால் உங்கள் ஃபைல்தான். எல்லா ட்ராக்கும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பிக்கட்டும். 24 பிட் வேவ் ஃபைல், அவர் மிக்ஸ் செய்யும் செஷனில் என்ன சாம்பிள் ரேட்டோ (நொடிக்கு எத்தனை மாதிரிகள்) அதே. டிஜிட்டல் மீட்டரில் உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் இருந்தால் சத்தத்தை ஏற்ற அவருக்கு இடம் கிடைக்கும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஷன் போட்டு அனுப்பினால் போடாததையும் சேர்த்து அனுப்புங்கள்.

வாசிப்பில், கேட்டபடி ஒரு டேக், உங்கள் மனசுப்படி ஒரு டேக் கொடுங்கள். வாசிப்பதற்கு முன் பாடுகிறவரின் வரிகளை முழுதாகக் கேளுங்கள். வரி நடக்கும்போது ஃபில் எனும் அலங்கார அடிகளைப் போட்டு அதை மூடிவிட்டால் எவ்வளவு சுத்தமான கை இருந்தும் பயனில்லை. பாட்டு முழுக்க ஸ்னேர் அடி ஒரே கனத்தில் விழுவதை நான் எந்த வேகத்தையும் விடப் பெரிதாக மதிக்கிறேன். திரும்பக் கூப்பிடுகிறவர்களும் அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள்.

பணம், எத்தனை முறை திருத்தம், ரெக்கார்டிங் உரிமை யாருக்கு, பெயர் போடுவார்களா, எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? டெமோவில் புரோகிராம் செய்த டிரம்ஸ் வைத்திருக்கும் பாட்டெழுதும் நண்பர்கள் இருப்பார்கள். ஒருவரின் பாட்டுக்கு நிஜ டிரம்ஸ் வாசித்து அனுப்பிப் பாருங்கள்.

அடுத்த வீடியோ ஸ்னேர் ட்யூனிங். ஹெட்டை இறுக்கும் டிரம் கீயைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.