பழைய கம்ப்யூட்டர் ஓட வேண்டும்

வணக்கம் நண்பர்களே! புதுச்சேரியிலிருந்து பேசுகிறேன். பழைய கம்ப்யூட்டரை மியூசியத்தில் வைத்து என்ன பயன் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். அணைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பாதிப் பயன்தான். ஓடினால்தான் அது கம்ப்யூட்டர்.

இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் தேசிய கணினி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஹார்வெல் டெக்காட்ரான் என்றொரு இயந்திரம். 1951-ல் ஓடத் தொடங்கியது, எடை இரண்டரை டன். இரண்டு எண்களைப் பெருக்க 5 முதல் 10 நொடி ஆகும். ஆனால் அந்த மெதுவில்தான் அழகே! டெக்காட்ரான் என்பது வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல். உள்ளே ஓர் ஒளிப்புள்ளி பத்து இடங்களில் ஒவ்வொன்றாக நகரும். புள்ளி நிற்கும் இடம்தான் எண். கணக்கு நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் கையில் இருக்கும் போனில் அது முடியுமா, சொல்லுங்கள்?

அந்த இயந்திரம் 1973-ல் ஓய்வு பெற்றது. அப்புறம் பல வருடம் காட்சிக்கு இருந்து, பிரித்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். தன்னார்வலர்கள் பாகம் பாகமாகச் சேர்த்து 2012-ல் மறுபடியும் ஓட வைத்தார்கள். அந்தப் பொறுமைக்கு ஒரு பெரிய கும்பிடு.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன், அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு மியூசியம் வைத்திருந்தார். பழைய இயந்திரங்களில் பார்வையாளர்களே உட்கார்ந்து தட்டலாம். 2018-ல் அவர் காலமானார், 2020-ல் கதவு மூடியது, திறக்கவே இல்லை. சேகரிப்பில் ஒரு பகுதி ஏலத்துக்குப் போனது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஓலைச்சுவடிகளைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் அவை இடம்பெற்றன. கம்ப்யூட்டருக்கும் அந்த அக்கறை தேவை. கடலூரிலும் இங்கேயும் உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, மதர்போர்டை விடுமா?

பரணில் 386, 486 ரகப் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். முதலில் மூடியைக் கழற்றி, மதர்போர்டில் பற்றவைத்த உருளை பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும். அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள்.

1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் வந்தது. கடலூர், புதுச்சேரி பக்கம் யாரிடமாவது ஒன்று இருந்தால், தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள். கேமராவோடு வருகிறேன், சேர்ந்து ஓட வைத்துப் பார்ப்போம்.