மதகடியில் சொன்ன பொய்: திகில் ஆட்டம் நடத்துவோருக்குச் சில சொற்கள்

(கும்பகோணத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடையை உருட்டிப் பேச்சாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ரோல் பிளேயிங் விளையாட்டு, 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோடு உலகுக்கு அறிமுகமானது. அதில் பாத்திரங்கள் அரக்கர்களை வென்று வலிமை பெற்றுக்கொண்டே போவார்கள். 1981-இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆட்டம் இதைத் தலைகீழாக்கியது. அங்கே பாத்திரத்தின் மனத்தெளிவுக்கு ஓர் எண் உண்டு. காணக்கூடாததைக் கண்டால் அந்த எண் குறையும். மறைபொருள் அறிவு கூடக்கூட, அந்த எண் எட்டக்கூடிய உச்சமே தாழ்ந்துகொண்டு வரும். 1991-இல் ஆட்டக்காரர்கள் ரத்தக்காட்டேரிகளாக ஆடும், மார்க் ரைன்-ஹேகனின் வேம்பயர் தி மாஸ்கரேட் மனிதத்தன்மைக்கே எண் கொடுத்தது. கொடுஞ்செயல் செய்யச் செய்ய அது இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் பாத்திரம் ஆட்டக்காரரின் கையை விட்டே போய்விடும்.

இவ்விரண்டையும் நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால், எண்ணைக் கண்முன் வைத்துவிட்டால் ஆட்டக்காரரின் கவனம் அதிலேயே நின்றுவிடுகிறது. "இதைச் செய்தால் எத்தனை குறையும்?" என்று கேட்பவர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார், அவருடைய பாத்திரம் அந்த நொடியில் தன் மனச்சான்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. எனவே, அறப்போராட்டத்தை விதிநூலிடம் ஒப்படைக்காமல், கேம் மாஸ்டராக, அதாவது காட்சிகளை அமைத்து ஆட்டத்தை நடத்துபவராக, இருப்பவர் கேட்கும் கேள்வியிலும் அதன்பின் அவர் காக்கும் பொறுமையிலும் வைக்க வேண்டும் என்பதே இன்று உங்கள்முன் நான் வைக்க வந்த கருத்து.

எந்தப் பாத்திரத்தை ஆட்டக்காரருக்குக் கொடுப்பது என்பதில் நம் மண்ணே நமக்கு வழிகாட்டுகிறது. திருவாரூரில் கன்றின்மேல் தேரை ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனை அறியாதவர் இங்கே இல்லை. பெரியபுராணம் அந்தக் கதையில் இன்னொருவரையும் காட்டுகிறது: இளவரசன்மேல் தேரைச் செலுத்துமாறு அரசனால் பணிக்கப்பட்டு, அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரையே விட்டுவிட்ட அமைச்சர். அரசனுக்கு நீதி எது என்பதில் ஐயமே இல்லை. அமைச்சருக்கோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு துரோகம் காத்திருக்கிறது. திகில் ஆட்டத்தில் உங்கள் நண்பரிடம் நீட்ட வேண்டிய பாத்திரம் அந்த அமைச்சருடையது.

நான் நடத்திய ஓர் ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். களம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நான் கற்பனை செய்துகொண்ட ஒரு கடைமடைக் கிராமம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், கல்லணையில் பிரிந்து வரும் தண்ணீர் அந்த ஊர் வாய்க்காலை எட்டப் பல நாள் ஆகும். எட்டாமலே போகும் ஆண்டும் உண்டு. முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர், மேல்மடைக்காரர் ஒருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு இரவில் ஷட்டரை இறக்கிவிட்டார். அவருக்கும் மகள் கல்யாணக் கடன் இருந்தது. அந்த இரவில் தண்ணீர் கேட்டு வந்த குத்தகை விவசாயி ஒருவர், விடிந்தபோது வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். அன்றிலிருந்து நள்ளிரவில் ஷட்டர் தானாக ஏறுகிறது. ஆட்டக்காரர் ஒருவருக்கு லஸ்கர் பாத்திரம். பாத்திரத்தின் விவரங்களைக் குறித்துக் கொடுக்கும் தாளான கேரக்டர் ஷீட்டில், அவருடையதில் மட்டும் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன்.

இறந்தவரின் மனைவி லஸ்கரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதாகக் காட்சியை அமைத்தேன். இலையில் சோறு வைத்து, குழம்பு ஊற்றும்போதே அவள் கேட்கிறாள்: "அண்ணே, அன்னைக்கி ராத்திரி மதகுல நீங்கதானே இருந்தீங்க? அவர பாத்தீங்களா?" அதன்பின் நான் வாயைத் திறக்கவில்லை. பகடையை உருட்டச் சொல்லவுமில்லை. பொய் சொல்லும் திறமையை அங்கே பகடையிடம் விட்டுவிட்டால், பொய் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி ஆட்டக்காரரைத் தொடாமலே போய்விடும். அவர் வெகுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல தங்கச்சி, நான் அன்னைக்கி லீவு" என்றார். அப்போது மேசையில் எழுந்த அச்சத்தை, பின்னால் ஷட்டரின் இரும்புக் கைப்பிடி தானாகச் சுழன்றபோதுகூட நான் காணவில்லை. கைப்பிடி சுழன்றபோது அவர் பயந்ததும் அந்தப் பொய்யின் காரணமாகவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பொய் சொன்ன பாத்திரத்தைக் கேம் மாஸ்டர் உடனே தண்டிக்கக் கூடாது. ஆவி வந்து கழுத்தை நெரித்தால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று ஆட்டக்காரர் மூச்சு விடுவார். அவள் அந்தப் பொய்யை நம்பட்டும். மறுநாள் அவர் வீட்டுக்குக் கீரை கொடுத்தனுப்பட்டும். உண்மையைச் சொல்லும் வாய்ப்பை இன்னும் இரண்டு முறை தாருங்கள். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்வதற்கான விலை சற்றே கூடியிருக்கட்டும்.

இவ்வளவு ஆழமாகப் போகும் ஆட்டத்துக்கு எல்லை கட்டாயம் வேண்டும். ஆட்டத்தில் வரவே கூடாதவை எவை, வந்தாலும் திரைக்குப் பின்னால் நடந்துவிட வேண்டியவை எவை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் வகுத்துத் தந்தார். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் பரப்பிய எக்ஸ் கார்டு இன்னும் எளியது: மேசையில் ஓர் அட்டை இருக்கும், யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். நம் பகுதியில் இதைச் சடங்காக எண்ணிவிடாதீர்கள். 2004 ஜூலை 16-இல் இதே ஊரில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அதே ஆண்டு டிசம்பர் 26-இல் நாகைக் கரையைக் கடல் கொண்டது. தீயையோ அலையையோ வர்ணிக்கும்போது எதிரே இருப்பவர் யாரை இழந்தவர் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியின் இரவை நான் எந்நாளும் ஆட்டமாக்க மாட்டேன். அதற்காக, சாதியும் நிலமும் கூலியும் இல்லாத ஒரு டெல்டா கிராமத்தைப் படைத்தால் அது பொய்க்களம் ஆகிவிடும். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நின்று பிழைக்கிறவனின் தடுமாற்றத்தைக் கேளுங்கள். ஒடுக்கப்பட்டவரின் வேதனையைத் திகில் காட்சியாக விரிக்காதீர்கள்.

ஆட்டம் முடிந்தவுடன் எழுந்து போகவும் விடாதீர்கள். டீ போட்டுக் கொடுத்து, ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தப் பெயர் சொல்லி அழைத்து, அரைமணி நேரமாவது பேசிக்கொண்டிருங்கள். லஸ்கராக ஆடியவரிடம் "ஏன் உண்மையைச் சொல்லவில்லை?" என்று யாரும் வழக்காட அனுமதிக்காதீர்கள், அவராகப் பேசினால் கேளுங்கள். என் மேசையில் அவர் பேசினார். அடுத்த வாரம் அதே பாத்திரத்தோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டார். அந்தக் காட்சியிலிருந்தே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினோம்.