காற்றைக் கணக்கிட்டவர்: ஆர்கன் கட்டும் கலைஞர் அரிஸ்தீத் கவாயே-கோல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தேவாலய ஆர்கன் என்றதும் பலருக்கும் வானளாவி நிற்கும் குழல்கள்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது குழல்களைவிட அவற்றுக்குள் போகும் காற்றைப் பற்றி. 19ஆம் நூற்றாண்டு பிரான்சின் அரிஸ்தீத் கவாயே-கோல் ஆர்கன் கட்டும் மற்ற கலைஞர்களிடமிருந்து தனித்து நிற்பது காற்றைக் கையாண்ட விதத்தால் என்பது என் உறுதியான கருத்து.

1811இல் மோன்பெலியே நகரில் பிறந்தார். பாட்டனார் காலத்திலிருந்து குடும்பத் தொழிலே ஆர்கன் கட்டுவது. துலூஸ் நகரில் தந்தையோடு வேலை செய்தபோது, நாம் அறிந்த ஆர்மோனியத்துக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க ஒரு நாக்குக் கருவியை, அதாவது உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும் கருவியைச் செய்தார். அதைக் கேட்ட இசையமைப்பாளர் ரோசினி, பாரிசுக்குப் போகும்படி தூண்டினார். 1833இல் போனார். அப்போது சேன்-தெனி பேராலயத்துக்குப் புது ஆர்கன் கட்டப் போட்டி நடந்துகொண்டிருந்தது. சில நாட்களில் வரைபடம் தயாரித்துக் கொடுத்தார். வேலை அவருக்கே கிடைத்தது. வயது 22.

அந்த ஆர்கன் முடிந்தது 1841இல். இடையில் எழுந்த பெரிய சிக்கல், கீபோர்டின் கட்டையை அழுத்த விரலுக்குத் தேவைப்படும் கனம். விரல் ஒரு கட்டையை அழுத்தும்போது, காற்றுப்பெட்டிக்குள் அழுத்தத்தால் இறுக மூடியிருக்கும் வால்வை இழுத்துத் திறக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வால்வு 25 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம். காற்றழுத்தம் 100 மில்லிமீட்டர் நீர் உயரம், அதாவது அவ்வளவு உயரம் நிற்கும் நீர் தரும் அழுத்தம். அப்படியானால் வால்வின் மேல் 750 கிராம் சுமை. ஒரு முனை கீலில் இருப்பதால் மறுமுனையை இழுக்கச் சுமார் 375 கிராம் விசை போதும். மூன்று கீபோர்டுகளை ஒன்றாக இணைத்து வாசித்தால் அது ஒரு கிலோவைத் தாண்டும், அதுவும் ஒரே விரலுக்கு. நெம்புகோல் அமைப்பால் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் வேகமான இசையை இந்தக் கனத்தில் வாசிக்க முடியாது.

விடை கொண்டுவந்தவர் சார்ல்ஸ் ஸ்பாக்மன் பார்க்கர் என்ற ஆங்கிலேயர். தம் நாட்டில் ஆதரவு கிடைக்காமல் பிரான்சுக்கு வந்து, 1839இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நெம்புகோலில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறு துருத்தி உண்டு. விரல் திறப்பது ஒரு சின்ன வால்வை மட்டும். அதன் வழியே அழுத்தக் காற்று புகுந்து துருத்தி உப்பும். உப்பும் துருத்தி பெரிய வால்வை இழுக்கும். விரலை எடுத்தால் வெளியேற்று வால்வு திறந்து துருத்தி சுருங்கும். இந்த வெளியேற்று வால்வுதான் கவனிக்க வேண்டிய இடம். அது போதிய அளவு திறக்காவிட்டால் துருத்தி மெதுவாகச் சுருங்கும். விரல் போன பிறகும் ஸ்வரம் நின்று ஒலிக்கும். தோல் வெடித்துக் காற்று கசிந்தால், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் தாமதித்துப் பேசும்.

அடுத்தது, காற்று நடுங்காமல் இருப்பது. பழைய ஆப்பு வடிவத் துருத்திகளில் ஒரு பெரிய கூட்டொலி எழுந்தால் மெல்லிய ஸ்வரங்கள் தள்ளாடும். கவாயே-கோல் காற்றைச் சேர்த்து வைக்கும் பெரிய கிடைமட்டத் தேக்கங்களை வைத்தார். அவற்றின் மடிப்புகளில் ஒன்று உள்நோக்கியும் மற்றொன்று வெளிநோக்கியும் மடங்கும். தேக்கம் ஏறி இறங்கும்போது ஒரு மடிப்பு கூட்டும் அழுத்தத்தை மற்றது குறைத்துவிடும். இந்த ஏற்பாடு அவருக்கு முன்பே இருந்ததுதான். ஒரே ஆர்கனுக்குள் பல அழுத்தங்களைப் பகிர்ந்ததில்தான் அவர் துணிவு தெரிகிறது: கீழ் ஸ்வரங்களுக்குக் குறைவு, மேல் ஸ்வரங்களுக்கு அதிகம். பழைய பிரெஞ்சு ஆர்கன்களில் டிரம்பெட் வரிசை மேலே போகப்போக மெலிந்துவிடும். அந்தக் குறையை இது நீக்கியது.

காற்று தாராளமாகக் கிடைத்ததால்தான் அவருடைய ஹார்மோனிக் புல்லாங்குழல் வரிசையும் சாத்தியமாயிற்று. குழலை வழக்கமான நீளத்தைப்போல் இரு மடங்கு நீட்டி, ஏறக்குறைய நடுவில் ஒரு சிறு துளை இடுவார்கள். அடிப்படை ஸ்வரத்துக்கு அழுத்த ஏற்றத்தாழ்வு மிகுதியாக உள்ள இடம் அந்த நடுப்பகுதி. துளை அதை அழித்துவிடும். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்கு அங்கே அழுத்த மாற்றமே இல்லாததால் அது தெளிந்து ஒலிக்கும். காற்று போதாவிட்டால் குழல் திடீரென்று கீழ் ஸ்தாயிக்கு விழும்.

குழலின் நீளத்தை அனுபவத்தால் மட்டும் முடிவு செய்யாமல் சூத்திரமாக்கி, 1860இல் வெளியிட்டார். ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுத்து, குழலின் விட்டத்தை ஐந்தால் பெருக்கி மூன்றால் வகுத்த அளவை அதிலிருந்து கழிக்க வேண்டும். 440 அதிர்வுகள், 3 சென்டிமீட்டர் விட்டம், ஒலிவேகம் நொடிக்கு 340 மீட்டர் என்றால், 38.6இல் 5 போக 33.6 சென்டிமீட்டர். ஒரு பட்டறைக்காரர் இயற்பியலாருக்கு இணையாக நின்ற இடம் இது.

1862இல் பாரிசின் சேன்-சுல்பீஸ் ஆலயத்தில் 100 ஸ்டாப், 5 கீபோர்டு கொண்ட ஆர்கனை முடித்தார். ஸ்டாப் என்பது ஒரே நிறத்தில் ஒலிக்கும் ஒரு குழல் வரிசை. அதே ஆலயத்தில் 1781இல் கிளிக்கோ என்ற முந்தைய கலைஞர் கட்டிய ஆர்கனின் நல்ல குழல்களை அவர் தூக்கி எறியவில்லை. தம் ஆர்கனுக்குள் சேர்த்துக்கொண்டார். அந்தப் பணிவு எனக்கு மிகவும் பிடிக்கும். 1868இல் பாரிசின் நோத்ர-தாம் பேராலயம், 86 ஸ்டாப். 2019 தீயில் அந்த ஆர்கன் எரியவில்லை. ஆனால் ஈயத்தூசு படிந்ததால் சுமார் 8,000 குழல்களையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. மீண்டும் ஒலித்தது 2024 டிசம்பரில்.

தொழிலில் வென்றவர் பணத்தில் தோற்றார். 1898இல் பட்டறையைச் சார்ல் மியுத்தேனிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு மறைந்தார்.

கேட்க விரும்புவோருக்கு ஒன்று. இசையமைப்பாளர் சேசர் ஃபிராங்க் வாசித்த, பாரிசின் சேன்ட்-குளோதில்த் ஆலயத்தில் கவாயே-கோல் கட்டிய ஆர்கன் 20ஆம் நூற்றாண்டில் பெரிதும் மாற்றப்பட்டுவிட்டது. ஒரு குழலின் வாயை, அதாவது அதன் அடிப்பக்கத்தில் ஒலி பிறக்கும் திறப்பை, எவ்வளவு உயரமாக வெட்டுவது என்பது அதற்கு வரும் அழுத்தத்தைப் பொறுத்தது. பின்னாளில் அழுத்தத்தைக் குறைத்தால், உயரமாக வெட்டிய வாய் மந்தமாகப் பேசும். வெட்டியதை மீண்டும் ஒட்டுவது எளிதல்ல. ஆகவே அவர் நினைத்த ஒலியைக் கேட்க, அதிகம் கை வைக்கப்படாத சேன்-சுல்பீஸையும், ருவான் நகரின் சேன்-துவான் ஆலயத்தில் 1890இல் அவர் முடித்த 64 ஸ்டாப் ஆர்கனையும் தேடிப் போங்கள்.