ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர்?

வணக்கம். வேலூரில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டாம். கத்திரி தொடங்கிவிட்டால் "அண்ணே, வண்டி ஹீட் ஆகுது" என்று காலையிலேயே போன் வந்துவிடும். போய்ப் பார்த்தால், தண்ணீரோடு கலந்து ஊற்ற வேண்டிய கூலன்ட் இல்லாமல் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கும். ஏன் என்று கேட்டால், "நம்ம ஊர்ல தண்ணி எங்கண்ணே உறையப்போகுது? நமக்கெதுக்குக் கூலன்ட்டு?" என்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தப்பு கூலன்ட்டுக்கு இருக்கும் இன்னொரு பெயரில் இருக்கிறது. கூலன்ட்டில் இருக்கும் முக்கியமான சரக்கு எத்திலீன் கிளைக்கால். 1920களில் குளிர் நாடுகளில் அதைக் கார்களுக்கு விற்கத் தொடங்கியபோது, தண்ணீரை உறையவிடாத திரவம் என்றுதான் விற்றார்கள். ஆன்ட்டிஃப்ரீஸ் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. உறைபனியே பார்க்காத நமக்கு அது வேண்டாத செலவாகத் தெரிந்தது. பழைய அம்பாசடர் காலத்தில் அப்படி நினைத்ததில் பெரிய நஷ்டமும் இல்லை. இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். துரு பிடித்தாலும் வருடக்கணக்கில் தாங்கும், ஓட்டை விழுந்தால் பற்றவைத்துக் கொடுப்பார்கள். இன்றைய வண்டியில் சிலிண்டர் ஹெட் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் ஊறினால் அலுமினியம் சீக்கிரம் அரித்துப்போகும். அதைத் தடுக்கிற மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது.

கூலன்ட் இன்ஜினைக் குளிர்விக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் சூட்டை அள்ளிக்கொண்டு போவது தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதில் அறுபது சதவீதம்கூட ஒரு கிலோ கிளைக்காலுக்குத் தேவைப்படாது. அதாவது, அவ்வளவு குறைவாகத்தான் அதனால் சூட்டைச் சுமக்க முடியும். போதாததற்கு அது கெட்டியானது, குழாய்க்குள் மெதுவாக ஓடும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்ததைவிட ஒரு வாடிக்கையாளரால் நன்றாகப் புரிந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர். வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார். ஏலகிரி மலை ஏறும்போது பாதி வளைவு தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது என்று வந்தார். ஃபேன் ஓடுகிறது, தெர்மோஸ்டாட் சரி, ஹோஸ் சரி, வாட்டர் பம்ப் சரி. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அடி பிளக்கைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்தால், பாகு மாதிரி வழுவழுவென்று இறங்குகிறது. மனிதர் தண்ணீரே கலக்காமல் முழுக்கக் கூலன்ட்டை ஊற்றி வைத்திருக்கிறார். "நல்ல பொருள்தானே தம்பி, எதுக்குத் தண்ணி ஊத்திக் கெடுக்கணும்னு பார்த்தேன்" என்றார். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, கூலன்ட் நாற்பதுக்குத் தண்ணீர் அறுபது கலந்து ஊற்றினேன். அடுத்த வாரமே ஏசி போட்டுக்கொண்டு ஏலகிரி போய் வந்தார்.

சரி, எவ்வளவுதான் கலப்பது? முதலில் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அதில் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால், நம்ம சமவெளிக்கு நான் கூலன்ட் 40, தண்ணீர் 60 என்று கலக்கிறேன். பாதிக்குப் பாதி ஊற்றினாலும் கெடுதல் இல்லை. மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பதுதான் அதில் கிடைக்கும் பெரிய லாபம், அது நமக்கு வேண்டாம். கூலன்ட் முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால் அரிப்பைத் தடுக்கும் மருந்து போதாது.

கொதிநிலை உயரும் என்பார்கள். உயரும், ஆனால் கொஞ்சம்தான். பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரியில் கொதிக்கும், தண்ணீரைவிட ஏழு டிகிரிதான் அதிகம். ரேடியேட்டர் மூடி என்று ஒன்று இருக்கிறதே, யாரும் திரும்பிப் பார்க்காத சாமான், அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்தே இன்னும் இருபது டிகிரி உயர்த்திவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் நீங்கள் எவ்வளவு உசத்தியான கூலன்ட் ஊற்றினாலும் கொதித்து வெளியே வரும். சில நூறு ரூபாய் மூடிக்குப் பதிலாக ரேடியேட்டரையே மாற்றிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வென்னீர் வைக்கிற பானையின் அடியில் வெள்ளையாக உப்பு பிடிக்கும், பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் நடக்கும். பழைய ரேடியேட்டர் ஒன்றை அறுத்துக் கடையில் வைத்திருக்கிறேன். தட்டையான சின்னச் சின்னக் குழாய்கள், பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடைத்துக் கிடக்கும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவேன், பேச்சு மிச்சம்.

வீட்டில் ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்கிற பையன் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று என்னிடமும் உண்டு. எங்கள் போர் தண்ணீரில் விட்டால் ஆயிரத்தைத் தாண்டும். ஆர்ஓ தண்ணீரில் ஐம்பது, அறுபது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் ஒற்றை இலக்கம். அதைத்தான் ஊற்ற வேண்டும். வாங்கும்போது மட்டும் லேபிளைப் படித்துவிடுங்கள், கடையில் பேட்டரி ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும். வழியில் அவசரம் என்றால் எந்தத் தண்ணீரையும் ஊற்றி வீடு வந்து சேருங்கள், தப்பில்லை. ஆனால் அதை அப்படியே வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் தொழிலிலேயே அடிக்கடி நடக்கிற ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பழையதை வடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி வடித்த பிறகும் இன்ஜின் பிளாக்குக்குள் தண்ணீர் தங்கும். ஐந்து லிட்டர் பிடிக்கிற வண்டியில் ஒன்றரை லிட்டர் தங்கியது என்று வையுங்கள். மேலே மூன்றரை லிட்டர் ரெடிமேட் கலவை ஊற்றினால், டப்பாவில் நாற்பது சதவீதம் என்று போட்டிருந்தது உள்ளே இருபத்தெட்டு ஆகிவிடும். அதனால் கழுவிய வண்டிக்குக் கலக்காத கூலன்ட் வாங்கி முதலில் இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கணக்கு நேராகிவிடும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி சேர்க்கிற சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு மருந்து இருக்கும். ஒத்துவராத இரண்டைக் கலந்தால் மருந்து செத்துப்போகும், சில சமயம் கூழ் மாதிரி திரளும்.

முள் ஏறிவிட்டால் ஏசியை அணைத்துவிட்டு ஓரங்கட்டுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. என் வலது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான், தொழிலுக்கு வந்த முதல் வருடம்.

வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றுகிறார்கள். அது விஷம், ஆனால் இனிக்கும். தெரு நாய் தேடி வந்து நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். என் கடையில் வடிக்கிற தட்டை ஒரு நிமிடம்கூடத் தரையில் திறந்து வைப்பதில்லை. கேனில் ஊற்றி மூடி போட்டுவிட்டுத்தான் பையன்கள் டீ குடிக்கப் போவார்கள்.